இன்னொரு கோப்பைத் தண்ணீர்

இந்த ஊரில்
காரையும் சுவரில் செருகித்தான் தூங்க வைக்கவேணும்.
வின்னிபெக், தை மாதம், மைனஸ் முப்பத்தாறு.
பாண் தொழிற்சாலையில் இருந்து விடிய ஆறரைக்கு வருகிறேன்,
மீசையில் பனி முள்ளு.
நீ ஐந்தே முக்காலுக்கே போய்விட்டாய்
ஆஸ்பத்திரிச் சலவைக்கு.
பின்னேரம் நான் நாலரைக்குப் புறப்பட
நீ ஐந்துக்கு வருவாய்.
எங்களுக்கு நடுவில் அரை மணித்தியாலமும்
ஒரு பெரிய சட்டியும்.

மூடியைத் திறக்க என் கண்ணாடி மூடிக்கொள்ளும்.
ஒரு நிமிஷம் குருடனாய் நின்று
மணத்தில் வாசிப்பேன்.
மிளகு கூட என்றால் பிள்ளைகளில் ஒன்றுக்குத் தடிமன்.
இஞ்சி கூட என்றால் உனக்கு.
உனக்கென்றால் நீ சொல்லமாட்டாய்.

கண்ணாடி தெளிந்த பிறகு கரட்.
காசு காசாய் வட்டமாய் வெட்டியிருந்தால்
நேற்று உன் மேற்பார்வைக்காரி லீவு.
கோடாலியால் கொத்தினதுபோல் கிடந்தால்
நான் எதையோ மறந்திருக்கிறேன்.
வாடகையா, பிறந்தநாளா, குப்பை வாளியா,
குடித்து முடிக்கமுன் கண்டுபிடிக்கவேணும்.

மத்தியானம் எழும்பி நானும் பதில் எழுதுவேன்:
கோழிக் கழுத்து, எலும்பு,
கருகவிடாமல் வறுத்த உள்ளி,
மைசூர்ப் பருப்பு ஒரு பிடி.
தேசிக்காயை மட்டும் வெட்டாமல் பக்கத்தில் வைப்பேன்,
நீ பிழிய.
மூன்று வருஷமாய் எங்கள் குடும்ப வாழ்க்கை
பதினொரு லீற்றர்.

நவம்பரில் ஆரபி
இனி மரக்கறி மட்டும் என்று அறிவித்தாள்.
அதற்கொரு சின்னச் சட்டி.
கோழி அகப்பை அதில் பட்டுவிட்டதென்று
வாரத்துக்கொரு வழக்கு.
துவாரகனோ நடுச்சாமத்தில்
இரண்டு சட்டியையும் கலந்து, நூடில்ஸ் போட்டுக் குடிக்கிறவன்.
சாட்சி, கழுவாத கோப்பை.

பிறகு அந்த வியாழன்.
நான் சப்பாத்துக் கழற்றமுன் ரோடெல்லாம் பூட்டு.
உன் பஸ் வரவேயில்லை,
முழங்கால் வரை பனியோடு திரும்பி வந்து நின்றாய்.
பள்ளிக்கூடமும் இல்லை.
நாலு பேரும் ஒரே நேரம் குசினியில்,
திரும்ப இடமில்லை, ஆளுக்காள் "சொறி" சொல்லிக்கொண்டு.
நாலாவது கதிரையில் மடிக்காத உடுப்பு மலை.
அதைத் தூக்கிக்கொண்டு
எங்கே வைப்பதென்று நான் வீட்டைச் சுற்றினேன்.

சட்டியைத் திறந்தால்
அடியில் இரண்டு விரல் உயரம்.
நேற்று நான், நீ ஊற்றுவாய் என்று நினைத்தேன்.
நீ, நான் ஊற்றினேன் என்று நினைத்தாய்.
ஃபிரீசரில் ஒரு கோழி முதுகு, கல்லுமாதிரி.
நீ கத்தியை எடுத்தாய்.
பலகை ஒன்றுதான், நான் பக்கத்தில் நின்றேன்.

அன்றைக்குத்தான் பார்த்தேன்
நீ கரட் வெட்டுகிறதை.
ஒன்று வட்டம், அடுத்தது கோணல், அடுத்தது கட்டை.
யன்னலில் பனியைப் பார்த்தபடி,
ஒரு யோசனையும் இல்லாமல்.

அப்ப இவ்வளவு நாளும் நான் வாசித்தது?

கேட்டுவிட்டேன்.
வட்டம், கோடாலி, மேற்பார்வைக்காரி எல்லாம் சொன்னேன்.
நீ கையை நிறுத்தாமல்
"கத்தி மொட்டையப்பா" என்றாய்.
ஆரபிக்குச் சிரித்துப் புரைக்கேறியது.

கொதித்த பிறகு தெரிந்தது
இரண்டு பேரும் உப்புப் போட்டிருக்கிறோம் என்று.
இன்னொரு கோப்பைத் தண்ணீர்.
அதற்குப் பிறகும் கரித்தது. இன்னொன்று.
உருளைக்கிழங்கு நாலு, பிறகு அதற்கு இன்னொன்று.
பெரிதாய் ஒன்றும் கதைக்கவில்லை.
உறிஞ்சுகிற சத்தம்.
வெளியே பனி அள்ளும் லொறி ஒன்று
பின்னுக்குப் போய்ப் போய் வந்தது.
துவாரகன் மூன்றாம் முறை கோப்பையை நீட்டினான்,
முதல்முறை பகலில்.

வெள்ளி ரோடு திறந்தது.
புறப்படமுன் கத்தியை நன்றாய்த் தீட்டி வைத்தேன்,
நகத்தில் வைத்துப் பார்த்து.

சனி விடிய வந்தேன்.
மூடி. ஆவி. கண்ணாடி தெளியும் வரை பொறுத்தேன்.
கரட்,
கோடாலிக் கொத்து.

சப்பாத்தை மறுபடி போட்டுக்கொண்டு
குப்பை வாளியைப் பார்க்கப் போகிறேன்.